பரபக்கம் பேசப் பழகுவோம்

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடிக்குப் பேருந்து ஏறினால் வழியில் திருவரங்குளம் வரும். 1738-ஆம் ஆண்டு வாக்கில் அந்தப் பக்கத்துக் காட்டில்தான் மன்னர் விஜயரகுநாதராயத் தொண்டைமான், சதாசிவ பிரம்மேந்திரரைச் சந்தித்ததாகச் சொல்வார்கள். பிரம்மேந்திரர் பேசாநோன்பு பூண்டவர். உபதேசம் கேட்ட மன்னருக்கு விரலால் மணலில் எழுதிக் காட்டினார். அந்த மணலை மேல்துண்டில் அள்ளி முடிந்துகொண்டு போய் அரண்மனையில் பூஜையில் வைத்தார் மன்னர்.

நாடாண்டவர் ஒருவர் காட்டுக்குள் தேடிப் போய்ப் பாடம் கேட்ட மண் இது. இந்த மாவட்டத்தின் ஒரு பக்கம் சித்தன்னவாசலில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் இருக்கின்றன. இன்னொரு பக்கம் ஆவுடையார்கோயிலில் மாணிக்கவாசகரின் நினைவு இருக்கிறது. இருந்தும் தத்துவம் என்று பேச்செடுத்தால், “அதெல்லாம் படிச்சவங்க சமாசாரம்” என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். ஒதுங்க வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆலங்குடி போன்ற ஊரில் ஆறேழு பேர் கூடி ஒரு தத்துவ வாசிப்பு வட்டத்தை நடத்த முடியும். பக்கத்தில் எங்காவது நடந்தால், தயங்காமல் போய்ச் சேர வேண்டும்.

கேள்வி கேட்க வந்தவர்

13-ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். வயதில் சிறியவர். அவருடைய குடும்பத்துக்கே குருவாக இருந்த பெரும் பண்டிதர் அருணந்தி சிவாசாரியார் அங்கே வந்து, ‘நான்’ என்னும் முனைப்பாகிய ஆணவ மலத்தின் வடிவம் என்ன என்று கேட்டார். மெய்கண்டார் வாயால் பதில் சொல்லவில்லை. எதிரே நின்ற பண்டிதரை உச்சி முதல் பாதம் வரை விரலால் சுட்டிக் காட்டினார். பெரியவருக்குப் புரிந்தது. அந்த இளைஞருக்கே மாணவராகிவிட்டார் என்று சைவ மரபு சொல்கிறது.

அந்த மாணவர் பிறகு எழுதிய சிவஞான சித்தியாரின் அமைப்பை ஒவ்வொரு வாசிப்பு வட்டமும் கவனிக்க வேண்டும். நூலுக்கு இரண்டு பகுதிகள். தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் பின்னால்தான் வருகிறது. முன்னால் நிற்பது பரபக்கம். கடவுளே இல்லை என்ற உலகாயதரில் தொடங்கி, பௌத்தர், சமணர், ஆசீவகர் என்று மாற்றார் கட்சிகளை வரிசையாக எடுத்து, ஒவ்வொருவரும் என்ன சொல்கிறார்கள் என்பதைச் சொன்ன பிறகுதான் மறுக்கிறார் அருணந்தியார். ஒருவர் சொல்வது இன்னதென்று தெரியாமல் அவரை மறுக்கக் கூடாது என்பது அந்தக் காலத்து வாதமுறை.

அதற்கும் முன்பே மணிமேகலை இதைச் செய்திருக்கிறாள். காப்பியத்தின் 27-ஆம் காதையில் வஞ்சி நகரத்தில் பத்துச் சமயவாதிகளிடம் போய், அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்கிறாள். பட்டிமண்டபம் என்ற சொல்லும் அதே காப்பியத்தில் இருக்கிறது. சமயவாதிகள் ஏறி வாதிடும் மேடைக்கு அன்று அதுதான் பெயர்.

ஒரு பலா மரம் போதும்

தத்துவம் பேசப் பெரிய பொருள் எதுவும் வேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்ததில் நம் பக்கத்துத் தென்னையும் பலாவும் வாழையும் சாய்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். முறிந்த பலா ஒன்று அடிமரத்திலிருந்து துளிர்விட்டு மறுபடி காய்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது அதே மரம்தானா? வட்டத்தின் முதல் நாளில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள்.

“வேரு அதேதானே, அப்ப மரமும் அதுதான்” என்பார் ஒருவர். “தாத்தா ஏறின கிளையே இல்லையே, எப்படி அதே மரமாகும்?” என்பார் இன்னொருவர். இந்த இடத்தில் புத்தகத்தைத் திறக்கலாம். விளைவு காரணத்துக்குள்ளேயே ஏற்கெனவே இருக்கிறது என்பது சாங்கியர் கட்சி. சைவ சித்தாந்திகளுக்கும் அது உடன்பாடு. அவர்கள் முதலாமவர் பக்கம் நிற்பார்கள். பௌத்தம் வேறு விதமாகப் பார்க்கும். மணிமேகலையின் 30-ஆம் காதை ஓர் உழவனுக்குரிய உதாரணத்தைத் தருகிறது. வித்து வேறு, முளை வேறு, தாள் வேறு. ஆனாலும் தொடர்ந்து நிகழ்வதால் எல்லாவற்றையும் நெல் என்ற ஒரே பெயரால் வழங்குகிறோம் என்கிறது. பலா மரமும் அப்படி ஒரு தொடர்ச்சிக்கு நாம் வைத்த பெயர்தானா? பத்து வருஷத்துக்கு முந்தைய நானும் இன்றைய நானும்? அரை மணி நேரத்தில் பேச்சு மரத்திலிருந்து மனிதனுக்கு வந்துவிடும்.

எப்படித் தொடங்குவது?

பாரிஸில் மார்க் சோத்தே என்ற தத்துவ ஆசிரியர் 1992-இல் பாஸ்டீல் சதுக்கத்துக் காபிக் கடை ஒன்றில் ஞாயிறு காலைகளில் இப்படிப் பேசத் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அந்த வழக்கம் பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. அதே காலத்தில் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த அந்த நாட்களில், சம்பளம் வாங்காத தொண்டர்கள் மாலை நேரங்களில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். கல்குவாரிப் பெண்கள் கையெழுத்துப் போடக் கற்றார்கள், சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். வேலை முடிந்த களைப்போடு கூடி உட்கார்ந்து படிப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிது இல்லை. அன்று எழுத்துக் கூட்டிப் படித்தோம். இன்று கருத்துக் கூட்டிப் படிக்க வேண்டும்.

இடம் கிளை நூலகமாக இருக்கலாம், யார் வீட்டுத் திண்ணையாகவும் இருக்கலாம். ஆறேழு பேர், மாதம் இரண்டு ஞாயிறு, ஒரு புத்தகம் போதும். யொஸ்டைன் கார்டெர் 1991-இல் நார்வேயில் எழுதிய ‘சோஃபியின் உலகம்’ ஆர். சிவகுமார் மொழிபெயர்ப்பில் தமிழில் கிடைக்கிறது. பதினான்கு வயதுச் சிறுமிக்குச் சொல்வதுபோல மேலைத் தத்துவம் முழுவதையும் சொல்லும் நாவல். அடுத்து வெ. சாமிநாத சர்மாவின் ‘பிளேட்டோவின் அரசியல்’ படிக்கலாம். பழைய பதிப்புகளைத் தேடுகிறவர்களுக்குத் திருக்கோகர்ணத்தில் பா. கிருஷ்ணமூர்த்தி – டோரதி தம்பதி உருவாக்கிய ஞானாலயா நூலகம் இருக்கிறது.

ஒருவர் ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கட்டும். மற்றவர்கள் தங்கள் சொந்தப் பேச்சில் அதைத் திரும்பச் சொல்லட்டும். புரியாத இடத்தில் “புரியலை” என்று சொல்ல யாரும் கூச வேண்டாம். விதி ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மறுக்க நினைப்பவர், எதிரில் இருப்பவரின் கட்சியை முதலில் தானே எடுத்துச் சொல்லிவிட்டு, “நீங்க சொன்னதைச் சரியாச் சொன்னேனா?” என்று கேட்க வேண்டும். அவர் “ஆமா” என்ற பிறகுதான் மறுப்பு.

நான்கைந்து கூட்டங்களில் இது பழகிவிடும். பழகியது திண்ணையோடு நிற்காது. வரப்புத் தகராறில், மகளின் படிப்பைப் பற்றி வீட்டில் எழும் வாக்குவாதத்தில், தேர்தல் நேரத்து டீக்கடையில் கோபம் தலைக்கேறும்போது அந்தக் கேள்வி தானாக நாக்கில் வரும். “சரியாச் சொன்னேனா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக ஒரு நிமிஷம் காத்திருப்போம்.