சர்வர் போனா படமும் போச்சா?

வீட்டு மூவி சர்வர் ஆன் ஆகலையா? பதறாதீங்க. பவர் சப்ளையோ மதர்போர்டோ மட்டும் போயிருக்கலாம். ஹார்ட் டிஸ்க் நல்லாவே இருக்கும்.

2007-இல் வந்த விண்டோஸ் ஹோம் சர்வர், பல டிஸ்க்குகளை ஒன்றாகக் காட்டினாலும் ஒவ்வொரு ஃபைலையும் முழுசாக ஒரே டிஸ்க்கில், சாதாரண என்டிஎஃப்எஸ் முறையில்தான் எழுதும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டுங்க. மறைந்திருக்கும் ‘டிஇ’ ஃபோல்டருக்குள் ‘ஷேர்ஸ்’ இருக்கும். அதிலிருந்து காப்பி பண்ணலாம்.

ரெய்டு 5 அப்படியில்லை. ஒரே படம் துண்டு துண்டாகப் பல டிஸ்க்கில் கிடக்கும். தனி டிஸ்க்கை மாட்டினால் விண்டோஸ் ‘ஃபார்மேட் பண்ணவா?’ன்னு கேட்கும், ஓகே கொடுத்துடாதீங்க.

டிஸ்க்கில் ‘டிக் டிக்’ சத்தம் வந்தா உடனே நிறுத்துங்க. ஓட ஓட சேதம் கூடும்.

எதை முதலில் காப்பி பண்றது? சினிமாவை மறுபடி வாங்கிக்கலாம். தாத்தா பேசின வீடியோ ஒரே காப்பிதான். அதை முதலில் எடுங்க.