காப்பவரைக் காக்கும் ஊசி

அப்புத்தளை மலைச்சரிவுகளிலே கொழுந்துக் கூடை சுமந்த தாயொருத்தியின் மகள், தாதியருக்குரிய வெள்ளுடை அணிந்து, பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கோ தியத்தலாவை ஆஸ்பத்திரிக்கோ முதன் முதலாகப் பணிக்குச் செல்லும் காலை, அந்த லயம் முழுவதற்குமே பெருமை தரும் காலையாகும். பெற்றோர் அவளுக்குக் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுப்பர். மழைக்குக் குடையும் கொடுப்பர். ஆனால், “ஈரல் நோய்க்குரிய தடுப்பூசி போட்டுக்கொண்டாயா, அம்மா?” என்று வினவும் தந்தையர் எத்தனை பேர்?

மஞ்சட்காமாலை என்றும் செங்கமாரி என்றும் நாம் கூறுவது உண்மையில் ஒரு நோயன்று, நோயின் அடையாளமே. அதனைத் தோற்றுவிப்பனவற்றுள் கொடியது, ஈரலழற்சி பி என்னும் வைரசு. இரத்தத்தின் மூலமும் உடல் நீர்களின் மூலமும் அது பரவும். பலரிடம் யாதொரு குறியும் காட்டாது பல்லாண்டுகள் ஒளிந்திருந்து, பின்னர் ஈரலைச் சுருக்கிவிடும், புற்றுநோயாகவும் மாறும். 2022ஆம் ஆண்டிலே உலகெங்கும் 25 கோடிக்கு மேற்பட்டோர் இந்நோயை நெடுங்காலமாகத் தாங்கி வாழ்ந்தனர் என்றும், அவ்வாண்டில் ஏறத்தாழ 11 இலட்சம் பேர் அதனால் மாண்டனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது.

நோயாளிக்குக் குத்திய ஊசி தவறுதலாகத் தாதியின் விரலிற் பட்டுவிட்டால் யாது நேரும்? அந்நோயாளியிடம் இவ்வைரசு இருந்து, தாதி தடுப்பூசி பெறாதவராயும் இருப்பின், நூற்றுக்கு 6 முதல் 30 வரை தொற்று ஏற்பட இடமுண்டு. எயிட்சு வைரசுக்கோ இவ்வாய்ப்பு ஆயிரத்துக்கு மூன்றளவே. மேலும், உலர்ந்த இரத்தக் கறையிலும் இவ்வைரசு ஏழு நாளேனும் உயிர்ப்புடன் இருக்கவல்லது. ஆகவே ஆபத்து வைத்தியருக்கும் தாதியருக்கும் மாத்திரமன்று. கழிவுப் பையைத் தூக்கும் சிற்றூழியர், துணி வெளுப்பவர், தோட்ட மருந்தகத்தில் புண்ணைக் கழுவிக் கட்டுபவர், பிரசவம் பார்க்கும் மருத்துவமாது ஆகிய அனைவருக்கும் உரியது.

இவ்வைரசின் முதற் சுவட்டை 1960களிலே கண்டவர் அமெரிக்க அறிஞர் பரூக் புளும்பேர்க். அவுஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்திலே அது அகப்பட்டது. அதற்காக அவருக்கு 1976இல் நோபல் பரிசு கிடைத்தது. தமிழருக்கும் அவருக்கும் ஒரு தொடர்புண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்து அறிஞர் தியாகராசனும் அவரும் பிறரும் சேர்ந்து, நம் பாட்டிமார் அரைத்துக் கொடுத்த கீழாநெல்லியை ஆராய்ந்து, 1988இல் நம்பிக்கையூட்டும் முடிவொன்றை வெளியிட்டனர். எனினும் பின்னர் பிறர் செய்த ஆய்வுகள் அப்பயனை உறுதிப்படுத்தவில்லை. ஆதலால் மூலிகையை நம்பித் தடுப்பூசியை விட்டுவிடுதல் தகாது.

தடுப்பூசி 1981இல் பயனுக்கு வந்தது. 1986 முதல், பாண் மாவைப் பொங்கச் செய்யும் மதுவத்தைக் கொண்டு, வைரசின் மேலுறைப் புரதத்தை மாத்திரம் ஆக்கி அதனைத் தயாரிக்கின்றனர். அதில் உயிருள்ள வைரசு இல்லை. எனவே ஊசியால் நோய் பற்றும் என்ற அச்சம் வீணானது. வளர்ந்தோர் மேற்கையில் மூன்று முறை பெறவேண்டும்: முதல் நாள், ஒரு மாதத்தின் பின், ஆறாம் மாதம். இடையே தவறினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மூன்றாம் ஊசிக்கு ஓரிரு மாதங்களின் பின் இரத்தத்தைச் சோதித்து, எதிர்ப்புச் சக்தி உண்டாயிற்றா என அறிதல் ஆஸ்பத்திரி ஊழியருக்கு இன்றியமையாதது.

இலங்கையிலே குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இது 2003இல் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் பிறந்தோர், தமக்கு இது கிடைத்திருக்கும் என்று எண்ணியிருத்தல் கூடாது. கேட்டுப் பெறுதல் வேண்டும்.

ஊசி குத்திவிட்டால் காயத்தைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவி, வெட்கமோ பயமோ இன்றி உடனே மேலதிகாரியிடம் கூறவேண்டும். தடுப்பூசி பெறாதவர்க்கு, இயன்றவரை 24 மணி நேரத்துக்குள் தரப்படும் சிகிச்சை உண்டு. மறைத்தால் அவ்வாய்ப்பு கைநழுவிவிடும்.

இல்லத்தாருக்கும் கடமையுண்டு. 2009இல் குசராத்தின் மோடாசாப் பகுதியிலே, பயன்படுத்திய ஊசிகளையே மீண்டும் பயன்படுத்தியதால் இந்நோய் பரவிப் பலர் இறந்தனர். நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றும் ஊசியைக் குப்பைமேட்டில் எறியாதீர். தடித்த போத்தலில் இட்டு மூடி, ஆஸ்பத்திரியிற் சேர்ப்பியுங்கள். சவர அலகையும் காது குத்தும் ஊசியையும் பலர் பகிரலாகாது. ஆனால் நோயுற்றவரை ஒதுக்காதீர். ஒரே தட்டில் உண்பதாலோ, அணைப்பதாலோ இது தொற்றாது.

பணிக்குப் புறப்படும் மகளுக்குக் கைக்கடிகாரம் கொடுங்கள். கூடவே ஒரு தாளில் அந்த மூன்று ஊசிகளுக்குரிய திகதிகளையும் குறித்துக் கொடுங்கள். ஆறாம் மாதத்து ஊசியே பலருக்கு மறந்துபோவது. அதனை நினைவூட்டும் பொறுப்பை வீட்டிலுள்ளோர் ஏற்றுக்கொள்ளலாம்.