பியூஸ் வயரைக் காக்கும், ஆளைக் காக்காது

"பியூஸ் அடிக்கடி போகுது, தடிப்பான கம்பியைப் போட்டுட்டேன், இப்ப தொல்லையில்லை" என்று சொல்லும் தோழர்கள் பழைய லயத்து வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். தொல்லை எங்கே போனது? சுவரோரம் ஓடும் வயருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

2,000 வாட் கெட்டில் 230 வோல்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். இஸ்திரிப் பெட்டி இன்னும் 4. இரண்டையும் விளக்கு லைனில் மாட்டினால் 5 ஆம்பியர் பியூஸ் உருகத்தான் செய்யும்; அதுதான் அதன் வேலை. அந்த இடத்தில் செம்புக் கம்பியோ சிகரெட் பெட்டி வெள்ளித்தாளோ வைத்தால் பியூஸ் உருகாது, வயர் உருகும். தீ பிடிப்பது அப்படித்தான்.

பியூஸ் இருக்கு, ஆகவே ஷாக் அடித்தாலும் பரவாயில்லை என்று நினைக்காதீங்க. நெஞ்சு வழியே 0.1 ஆம்பியர் பாய்ந்தாலே இருதயம் தாறுமாறாகத் துடித்து ஆள் போய்விடலாம். பியூஸுக்கு அது தெரியவே தெரியாது. சாதாரண சர்க்கிட் பிரேக்கருக்கும் அப்படித்தான். 30 மில்லியாம்பியர் கசிந்தாலே கரண்டை வெட்டும் தனி சுவிட்ச் உண்டு. 'டெஸ்ட்' பொத்தான் உள்ளது அது. மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். வெட்டாவிட்டால், அல்லது வீட்டில் அது இல்லாவிட்டால், லைசென்சு உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

ஷாக் அடித்தவரை உடனே தொடாதீங்க. முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளுங்கள். மூச்சில்லையா? 999-ஐ அழைத்து, நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். எழுந்து உட்கார்ந்து "ஒன்னுமில்லை" என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாங்க. உள்காயம் வெளியே தெரியாது.