சோற்றுக்கு முன்னால் நோட்டு

பாலாற்றில் தண்ணீர் ஏறினால் வேலூர், ஆம்பூர் இளைஞர்கள் அதிகாரிகளுக்கு முன்பே வந்துவிடுகிறார்கள். மண்டபம் முகாமாகத் திறக்கிறது, அண்டா ஏறுகிறது. மூன்றாம் நாள் கூட்டிப் பெருக்கிப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். யார் தங்கினார்கள் என்பதற்கு ஒரு தாள்கூட மிஞ்சுவதில்லை. பிறகு நிவாரணப் பட்டியல் வரும்போது, 'நீங்கள் முகாமிலேயே இல்லையே' என்கிறார், மண்டபத்தை எட்டிக்கூடப் பார்க்காத அலுவலர்.

ஆகவே முதலில் நோட்டு. குடும்பத் தலைவர் பெயர், ரேஷன் அட்டை எண், தெரு, ஆள் கணக்கு, வந்த நாள், போன நாள். முகாம் திறந்ததும் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குச் சொல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலரை வரவழைத்து, ஒவ்வொரு நாள் பக்கத்திலும் கையெழுத்து வாங்குங்கள். வராவிட்டால் அன்றே தாசில்தாருக்கு எழுத்தில் கொடுங்கள்.

தோல் தொழிற்சாலைப் பக்கத்து போர்வெல் தண்ணீரில் சமைக்காதீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பும் குரோமியமும் போகாது. நகராட்சி லாரித் தண்ணீரைக் கேட்டு வாங்குங்கள்.

மழை விட்டதும் வீட்டுக்குப் போகிறோம் என்பவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். பேரணாம்பட்டில் 2021 நவம்பர் 19 அன்று மழையில் வீடு இடிந்து நான்கு குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். ஊறிய சுவர் வெயில் அடித்த பிறகும் விழும்.

உயிர்ப்பலி நேர்ந்தால், துக்கத்தின் அவசரத்தில் பிரேதப் பரிசோதனை இல்லாமல் அடக்கம் செய்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள். 2022-26 பேரிடர் நிவாரண விதிப்படி இறப்புக்கு 4 லட்சம் ரூபாய். ஆனால் இறப்பின் காரணத்துக்குச் சான்று வேண்டும். முதல் தகவல் அறிக்கை, பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், நான்கையும் சேருங்கள். சமவெளியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு அதே விதியில் 1,20,000 ரூபாய், குடிசைக்கு 8,000. இடிபாட்டை அள்ளும் முன் படம் எடுங்கள். அலுவலர் பார்க்கும் முன் அள்ளாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், அள்ளாதீர்கள்.

மனுவை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியுடன் அலுவலக முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனுதான். தாலுகா அலுவலகம் இழுத்தடித்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். 2019-ல் வேலூர் மாவட்டம் பிரிந்தும் ஆம்பூர், வாணியம்பாடி மக்கள் இன்னும் வேலூருக்கு பஸ் ஏறுகிறார்கள். அவர்கள் போக வேண்டியது திருப்பத்தூர். ஆற்காடு, வாலாஜாவுக்கு ராணிப்பேட்டை. பேரணாம்பட்டு, குடியாத்தத்துக்கு மட்டும் வேலூரேதான்.