தேங்காய் எண்ணெயை எப்போது ஊற்றுவது?

நாகர்கோவில் பக்கம் அவியல் வைப்பவர்கள் காய் வேகும்போது எண்ணெயைத் தொடுவதில்லை. சேனை, வாழைக்காய், முருங்கைக்காய், வெள்ளரிக்காய், கொத்தவரங்காய் எல்லாம் மஞ்சளும் உப்பும் சேர்ந்த கொஞ்சம் தண்ணீரிலேயே வெந்துவிடும். பிறகு தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் ஒன்றிரண்டாக அரைத்த விழுது. புளிப்புக்கு மாங்காயா தயிரா என்பது வீட்டுக்கு வீடு மாறும். அடுப்பை அணைத்த பிறகுதான் எண்ணெயின் முறை வருகிறது. கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டு, காய்ச்சாத தேங்காய் எண்ணெய் இரண்டு கரண்டியைச் சுற்றி ஊற்றி, உடனே மூடிவிட வேண்டும். பத்து நிமிடம் திறக்கக் கூடாது. பழைய முறையில் தாளிப்பும் கிடையாது.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. தேங்காய் மணத்தில் பெரும்பங்கு லாக்டோன் எனப்படும் சேர்மங்களுடையது. அதிகச் சூட்டில் அவை ஆவியாகிப் போகும். காய்ந்த எண்ணெயில் முதலிலேயே காயை வதக்கினால் மணம் அடுக்களை முழுக்கப் பரவும். தட்டுக்கு வருவது கொஞ்சம்தான். இறக்கிய பின் ஊற்றினால் காயின் சூடே மணத்தைக் கிளப்பிவிடும், மூடி அதை வெளியே விடாது. தடியங்காயும் (வெண்பூசணி) வன்பயறும் (சிவப்புக் காராமணி) தேங்காய்ப்பாலில் வேகும் ஓலனுக்கும் இதே முறைதான். தேங்காய் எண்ணெயில் சமைக்கப் புதிதாகத் தொடங்குபவர்கள் பொரியலையும் கூட்டையும் இப்படிச் செய்து பாருங்கள். அரை கரண்டி எண்ணெய் செய்கிற வேலை உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

பொரிப்பது வேறு கணக்கு. அங்கே எண்ணெயின் மணத்தைவிட அதன் உறுதிதான் முக்கியம். தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு நிறைகொழுப்பு. மொத்தத்தில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். இவ்வகைக் கொழுப்பு காற்றுப்பட்டுச் சீக்கிரம் கெடாது. ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் டப்பாவில் பல நாள் காறாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். காயைத் தோல் சீவி, வட்டம் வட்டமாகக் காய்ந்த எண்ணெய்க்கு நேராகவே சீவிப் போடுவார்கள். முக்கால் பதம் வெந்ததும் உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீர் ஒரு சிறு கரண்டி எண்ணெயிலேயே விழும். சடசடவென்று பொங்கும், தள்ளி நின்று ஊற்ற வேண்டும். அந்தச் சத்தம் அடங்கினால் ஈரம் போய்விட்டது, அரித்து எடுக்கலாம் என்று பொருள். கண்ணைவிடக் காதை நம்புகிற பண்டம் இது.

சுத்திகரிக்காத எண்ணெய் சுமார் 175 பாகை செல்சியஸிலேயே புகையத் தொடங்கும். அதனால் தீ நடுத்தரமாகவே இருக்கட்டும். கடலை எண்ணெயில் கொஞ்சம், இதில் கொஞ்சம் என்று கலந்து பொரிக்காதீர்கள். கலவை நுரைத்து வழியும், அடுப்பருகே அது ஆபத்து.

இனிப்புக்கு வந்தால், தேங்காய் எண்ணெய் எல்லா இனிப்புக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். மைசூர்பாகுக்கு நெய்தான் சரி. ஆனால் அரிசி, வெல்லம், கருப்பட்டி, வாழைப்பழம் இவை சேரும் இடத்தில் நெய்யைவிட இது ஒரு படி மேல். குமரி மாவட்டத்து முந்திரிக்கொத்து அப்படிப்பட்டது. வறுத்துத் திரித்த சிறுபயறும் தேங்காயும் எள்ளும் ஏலமும் பாகில் சேர்த்து உருண்டை பிடித்து, மஞ்சள் போட்ட அரிசி மாவில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்டிப் பொரிப்பார்கள். உண்ணியப்பத்துக்கு ஒரு கப் பச்சரிசி மாவு, முக்கால் கப் வெல்லம், கனிந்த பழம் இரண்டு, ஏலம், சுக்கு, பொடியாக நறுக்கி வறுத்த தேங்காய்ப் பல் போதும். குழிப்பணியாரச் சட்டியில் குழிக்கு அரைவாசி எண்ணெய் விட்டுச் சுட வேண்டும். கோழிக்கோட்டுக் கறுப்பு அல்வா தேங்காய் எண்ணெயிலேயே கிண்டப்படுகிறது.

எனக்கு இவை எல்லாவற்றிலும் உயர்வாகப் படுவது கீழக்கரைத் தொதல். இலங்கையிலும் இது உண்டு. தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் கருப்பட்டியும் மணிக்கணக்கில் கிண்டக் கிண்ட, பாலில் இருந்த தண்ணீர் வற்றி, அதன் எண்ணெய் தானாகப் பிரிந்து ஓரத்தில் நிற்கும். கடையில் வாங்கிய எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம். சட்டியிலேயே எண்ணெய் உண்டாகிறது, அது பிரிவதுதான் பதம். கை ஓய்ந்து இடையில் இறக்கினால் களியாகத்தான் இருக்கும்.

கேக், பிஸ்கட் செய்பவர்களுக்கு இரண்டு செய்திகள். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர். தேங்காய் எண்ணெயில் தண்ணீர் இல்லை. ஆகவே 100 கிராம் வெண்ணெய்க்குப் பதிலாக 80 முதல் 85 கிராம் போதும். இந்த எண்ணெய் சுமார் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். குளிர்ந்த முட்டையிலோ பாலிலோ ஊற்றினால் கட்டி கட்டியாகத் திரளும். அவற்றை முன்பே வெளியே எடுத்து வையுங்கள். மார்கழியில் பாட்டில் உறைந்துபோனால் கலப்படம் என்று பயப்பட வேண்டாம், வெயிலில் வைத்தால் இளகிவிடும்.

வாங்கும்போது உறையைப் படியுங்கள். அவியலுக்கும் தாளிப்புக்கும் கொப்பரையில் ஆட்டிய செக்கு எண்ணெய். மணம் வேண்டாதவர்களுக்கும் அதிகச் சூட்டில் பொரிப்பவர்களுக்கும் சுத்திகரித்தது. சிறு பாட்டில் எண்ணெய் உணவா, தலைக்குத் தடவுவதா என்ற வரி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், உணவு எண்ணெய்த் தரத்துக்கு உட்பட்டிருந்து தலை எண்ணெய் என்று குறிக்கப்படாவிட்டால் அது சமையல் எண்ணெயே என்று 2024 டிசம்பரில் தீர்ப்பானது. எனவே சமையலுக்கு உரியது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள். ஈரம் பட்டால் கொழுப்பு உடைந்து லாரிக் அமிலம் தனியே பிரியும். சோப்புக்குப் பயன்படும் அமிலம் அது, ருசியும் சோப்பு போலவே ஆகும்.

உடல்நலத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அன்றாடக் கலோரியில் நிறைகொழுப்பு பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2000 கலோரி உண்பவருக்கு அது சுமார் 22 கிராம். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலேயே ஏறக்குறைய 12 கிராம் வந்துவிடுகிறது. இந்த எண்ணெய் கெட்ட கொழுப்பைக் கூட்டும் என்பதும் ஆய்வுகளில் நிலைபெற்ற முடிவு. இதை மருந்தென்று காலையில் கரண்டி கரண்டியாகக் குடிக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். சிப்ஸும் முந்திரிக்கொத்தும் பண்டிகைக்கு இருக்கட்டும். தினப்படிக்கு, இறக்கிய கறியின் மேல் ஆளுக்கு ஒரு சிறு கரண்டி போதும்.