எல்லை அறியாத வாழைக்குலை

கேரளத்துப் பாறசாலையில் பேருந்து ஏறினால் கொஞ்ச நேரத்தில் தமிழகத்துக் களியக்காவிளை, மாநிலமே மாறிவிடும். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தாலுகா தமிழகத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. வாழைக்குலைக்கும் மரச்சீனிக்கும் அந்தக் கோடு தெரியாது.

விற்கிற விதம்தான் வேறு.

தமிழகப் பக்கம் உழவர் சந்தை. 1999-இல் மதுரை அண்ணா நகரில் தொடங்கிய திட்டம். நாகர்கோவில் வடசேரியிலும் உண்டு. விளைவித்தவரே தராசு பிடிப்பார், நகரத்துக்காரர் நேரே வாங்குவார், இடையில் தரகர் கிடையாது. அந்தப் பக்கம் கேரளக் காய்கறி, பழ வளர்ச்சிக் கவுன்சிலின் துணையோடு விவசாயிகளே கூட்டாகச் சந்தை நடத்துகிறார்கள். வியாபாரிகள் அங்கே தேடி வரவேண்டும். தனி ஆளாகக் குலையைச் சுமந்துபோய்ப் பேரம் பேசுவதைவிட இது நல்ல ஏற்பாடுதான்! காலையில் அறுத்த பயறு, அதிகம் வாடாமல் திருவனந்தபுரத்து அவியலுக்குப் போய்ச் சேரும்.