கொக்கியின் வாயைப் பூட்டியாச்சா?



பட்டாசு வேலைக்குப் போனால் பருத்திச் சேலை கட்டணும், மருந்தை உரசக் கூடாது என்று நமக்குத் தெரியும். பனையும் தென்னையும் ஏறுகிற நம் வீட்டுக்காரரும் மகனும் எதை நம்பி ஏறுகிறார்கள்? தளைநாரையும் கைப்பிடியையும்தான்.

ஆலங்குளம் பகுதிக் குழுக் கூட்டம் ஒன்றில் ஓர் அக்கா, "பெல்ட்டும் கொக்கியும் வாங்கியாச்சு, இனி பயமில்லை" என்றார். கொக்கியை வாங்கிப் பார்த்தோம். அது சாவி மாட்டுகிற கொக்கி! ஆளைத் தாங்காது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

கொக்கி: மரம் ஏற உதவும் கொக்கிக்கு காரபினர் என்று பெயர். அது தாங்கும் பலம் அதன் மேலேயே பொறித்திருக்கும். நீளவாக்கில் 22 கிலோ நியூட்டன் என்றால் சுமார் 2,200 கிலோ எடை. அதே கொக்கி குறுக்கே திரும்பினாலோ, வாய் திறந்திருந்தாலோ 7 அளவுதான் தாங்கும். "எங்க ஆளு 60 கிலோதானே" என்று நினைக்காதீர்கள். விழுகிற ஆளைக் கயிறு வெட்டி நிறுத்தும்போது இழுப்பு பல மடங்காகும். எனவே திருகிப் பூட்டும் வாய் உள்ளதையே வாங்குங்கள். பூட்டிய பிறகு விரலால் அழுத்திப் பாருங்கள், திறக்கக் கூடாது.

முடிச்சு: ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சும், இழுக்க இழுக்க இறுகும் சுருக்கும் இடுப்புக்கு ஆகாது. எட்டு முடிச்சுதான் நல்லது. கயிற்றில் 8 போல ஒரு முடிச்சு போடுங்கள். நுனியை பெல்ட் வளையத்தில் விட்டு, அதே எட்டின் வழியே திரும்பக் கொண்டு வாருங்கள். இழைகள் ஜோடி ஜோடியாகப் படுத்திருக்கணும். நுனி ஒரு சாண் மிஞ்சணும்.

கயிறு: வெயிலில் வெளுத்தது, நார் பிரிந்தது, அரிவாள் பட்டது வேண்டாம். மரத்தைச் சுற்றித்தான் மாட்டணும். மட்டையில் மாட்டினால் மட்டையோடு ஆளும் வருவார். தொய்வு இருக்கக் கூடாது.

பெல்ட்: இடுப்பு மட்டும் போதாது. தோள், தொடை சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்டில் ஐ.எஸ். 3521 முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஆள் தொங்கிவிட்டால் சீக்கிரம் இறக்கணும். அதிக நேரம் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கி உயிருக்கே ஆபத்து. அதனால் தனியாக ஏற விடாதீர்கள்.

தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' பயிற்சியைத் தொடங்கியது. கருவி வைத்து ஏறும் அந்தப் பயிற்சியில் பெண்களும் தேறினார்கள். தென்னை ஏறுவோருக்கு 'கேர சுரக்ஷா' விபத்துக் காப்பீடு உண்டு. பனைத் தொழிலாளருக்குத் தனி நல வாரியம் உண்டு. ஆனால் பதிந்திருந்தால்தான் பலன் கிடைக்கும்.

மாடு வாங்கக் கடன் கேட்கிறோம். பால் வத்தினால் வேறு மாடு வாங்கலாம். ஆளை வாங்க முடியுமா? அடுத்த கூட்டத்தில் பெல்ட், கொக்கிக்கு உள்கடன் தரத் தீர்மானம் போடுவோம். காலையில் தூக்குவாளியைக் கொடுக்கும்போதே கேளுங்கள்: "கொக்கியின் வாயைப் பூட்டியாச்சா?"